கேளாமல் எடுத்த நேரம்

அமெரிக்க நாட்டின் வடமேற்கில் சியாட்டில் என்னும் நகரம் உள்ளது. அந்நகரத்து லேக்சைடு பள்ளிக்கு 1968ஆம் ஆண்டு டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி ஒன்று வந்தது. மாணவர்களின் தாய்மார் பழம்பொருள்களைத் திரட்டி விற்றுச் சேர்த்த பணம் அதற்கு உதவியது. அப்பொறிக்குத் திரை கிடையாது. விடைகள் காகிதச் சுருளில் அச்சாகும். கணினியோ வேறோர் இடத்தில் இருந்தது. தொலைபேசி வழியே பலர் அதனைப் பகிர்ந்துகொண்டனர்; பயன்படுத்திய நேரத்துக்கேற்பக் கட்டணம் செலுத்தினர். உங்கள் பெற்றோர் இளமையில் எஸ்.டி.டி. சாவடியில் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தவாறே ஊருக்குப் பேசியிருப்பர். ஏறத்தாழ அத்தகைய கணக்கே இதுவும்.

எட்டாம் வகுப்பில் பயின்ற பில் கேட்ஸ், அவரினும் மூத்தவரான பால் ஆலன், கென்ட் எவன்ஸ், ரிக் வைலண்ட் ஆகிய நால்வரும் அப்பொறியை விட்டு அகலவில்லை. தாய்மார் அளித்த பணம் விரைவில் கரைந்தது, ஆர்வம் கரையவில்லை.

பின்னர் அப்பள்ளி, கம்ப்யூட்டர் சென்டர் கார்ப்பரேஷன் என்னும் உள்ளூர் நிறுவனத்தின் பி.டி.பி.-10 கணினியைப் பயன்படுத்தியது. அக்கணினியை இயக்கிய மென்பொருளில் பிழைகள் இருந்தன. நால்வரும் அவற்றைக் கண்டறிந்து, கட்டணமின்றிக் கணினியை இயக்கினர். நிறுவனம் இதனைக் கண்டுபிடித்து, கோடை முழுவதும் அவர்களுக்குத் தடை விதித்தது. நீந்தத் துடிக்கும் சிறுவர்க்குக் குளத்தைப் பூட்டியது போன்ற தண்டனை அது. அவர்கள் எடுத்தது பொன்னன்று, பொருளன்று, நேரம். ஆயினும் அந்த நேரத்துக்குப் பிறர் பணம் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

இதே நிறுவனத்துக்கும் மாணவர்களுக்கும் இடையே வேறோர் உடன்பாடும் இருந்தது. மென்பொருளில் உள்ள பிழைகளைத் தேடிக் குறித்துத் தர வேண்டும். அதற்கு ஈடாகக் கணினியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கேட்ஸ் அந்நிறுவனத்தின் அலுவலகத்துக்கே சென்று, நிரல்களை வரிவரியாகப் படித்தார். 1970இல் நிறுவனம் மூடப்படும்வரை இது நீடித்தது. இரண்டிடத்தும் அவர்கள் தேடியது பிழையைத்தான். ஓரிடத்தில் அதனை மறைத்துப் பயனடைந்தனர். மற்றோரிடத்தில் எழுதிக் கொடுத்துப் பயனடைந்தனர்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்கிறது. உரியவர் இசைவின்றிப் பிறர் கணினியில் நுழைவது 43ஆம் பிரிவின்படி இழப்பீடு செலுத்த வேண்டிய மீறலாகும். நேர்மையற்ற எண்ணத்துடன் அதனைச் செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மதிப்பெண் பதிவேடு உள்ள பள்ளிக் கணினிக்கும் இது பொருந்தும். ஆசிரியர் கடவுச்சொல்லைத் தட்டும்போது தோள்வழியே எட்டிப் பார்ப்பது ஊடுருவலில் சேரும், திறமையில் சேராது.

லேக்சைடு பள்ளி 1971இல் ஒரு பெண்கள் பள்ளியுடன் இணைந்தது. வகுப்புக் கால அட்டவணை சிக்கலாயிற்று. அதனைக் கணினியால் வகுக்கும் பணியைப் பள்ளி மாணவர்களிடமே ஒப்படைத்தது. கேட்சும் எவன்சும் அதில் ஈடுபட்டனர். 1972இல் மலையேற்றத்தின்போது எவன்ஸ் தவறி விழுந்து இறந்தார். நண்பரை இழந்த துயரத்தோடு கேட்ஸ், ஆலனைத் துணைக்கு அழைத்துப் பணியை முடித்தார். ஒவ்வொரு மாணவரின் பெயரும் வகுப்பும் வேளையும் அவர்கள் கையில் இருந்தன. இம்முறை எப்பூட்டையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. எனினும், தம் வகுப்பில் மாணவியர் மிகுதியாக அமையுமாறு நிரலைச் சற்றே வளைத்துக்கொண்டதாகக் கேட்ஸ் பின்னாளில் நகைத்தபடி ஒப்புக்கொண்டார்.

சொற்பொருள்
இசைவு – சம்மதம். ஈடாக – பதிலாக. நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு. ஊடுருவல் – அத்துமீறி நுழைதல்

சிந்தித்து எழுதுக
1. கோடை முழுவதும் விதிக்கப்பட்ட தடை தகுந்த தண்டனையா? காரணம் கூறுக.
2. கால அட்டவணையில் கேட்ஸ் செய்தது ஊடுருவல் ஆகுமா? ஐந்து வரிகளில் எழுதுக.