கொறிக்கும் கருவி

கூமாப்பட்டிக்கு மேற்கே தெரியும் மலைக்காடுகளில் சாம்பல் நிற மலை அணில் வாழ்வதை நாம் அறிவோம். அதனைக் காப்பதற்கென்றே 1988-ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. கெட்டியான கொட்டை கிடைத்தால் அணில் அதைச் சிறிது சிறிதாகக் கொறிக்கிறது. அறுவை மருத்துவரிடமும் இவ்வாறு கொறிக்கும் கருவி ஒன்று உண்டு என்றால் வியப்பாயிருக்கிறதல்லவா?

அதன் பெயர் ரோஞ்சர். இது பிரெஞ்சுச் சொல். 'கொறிப்பது' என்பது இதன் பொருள். எலி, அணில் முதலிய விலங்குகளையும் பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். நம் நாட்டு மருத்துவமனைகளில் இதனை 'போன் நிப்ளர்' என்றும் சொல்வார்கள்.

பார்வைக்கு இது ஒரு குறடு போலிருக்கும். ஆனால் இதன் வாய் இரண்டு சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாற்போல் குழிந்து, விளிம்பு கூராக இருக்கும். பிடி நீளம், வாய் குட்டை. ஆகவே நெம்புகோல் தத்துவப்படி, கையால் சற்றே அழுத்தினாலும் வாயில் பெரும் விசை உண்டாகிறது. பெரிய எலும்புகளுக்கான கருவிகளில் இரண்டு மூட்டுகள் அமைத்து, அவ்விசையை மேலும் பெருக்கியுள்ளனர்.

எலும்பை வெட்ட ரம்பமும் உளியும் இருக்க, இது எதற்கு? மண்டையோட்டின் கீழே மூளை இருக்கிறது. முதுகெலும்பின் உள்ளே தண்டுவடம் இருக்கிறது. உளி சற்றே தவறினாலும் நோயாளியின் கைகால்கள் செயலிழந்து போகலாம், உயிரே போகலாம். ஆதலால் மண்டையோட்டில் முதலில் சிறு துளையிட்டு, அதன் ஓரத்தை ரோஞ்சரால் துணுக்குத் துணுக்காகக் கடித்து அகலப்படுத்துவர். கருவியின் வாயில் சிக்கிய துணுக்குகளைச் செவிலியர் உடனுக்குடன் துடைத்து எடுப்பார். முதுகெலும்புக்கென மெல்லிய நீண்ட வாயுடைய வகையும் உண்டு.

நம் நாட்டில் நரம்பு அறுவை மருத்துவத்துக்கென முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். மூளையிலும் தண்டுவடத்திலும் செய்யும் இத்தகைய அறுவைகளுக்கு ரோஞ்சர் இன்றியமையாத துணை.

நம்மில் சிலர் நாளை செவிலியராகவோ மருத்துவராகவோ ஆகி இக்கருவியைக் கையில் எடுக்கலாம். அன்று அதன் பெயரே பாடமாக நினைவுக்கு வரட்டும்: அவசரப்பட்டு உடைக்காதே, பொறுமையாகக் கொறி. ஓர் உயிர் அந்தப் பொறுமையை நம்பிக் கண்மூடிப் படுத்திருக்கிறது.