பெபெஹாவும் கீரிமலையும்

ஒக்லாந்தில் பாடசாலை வருடம் சனவரி இறுதியில் அல்லது பெப்ரவரித் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். 1996 முதல் நான்கு தவணைகள். புதிய ஆசிரியர்களைப் பல பாடசாலைகள் போஃபிரி என்னும் மாவோரி முறைப்படி வரவேற்கும். பெண்ணொருவரின் அழைப்பு, உரைகள், மூக்கோடு மூக்குத் தொடும் ஹொங்கி, பிறகு உணவு. வந்தவர் பக்கமும் பாடவேண்டும். எம் ஆசிரியர்கள் ஒரு தேவாரமாவது ஆயத்தமாய் வைத்திருப்பது நல்லது.

பெபெஹா என்பது மலை, ஆறு, குலம் சொல்லிக் கடைசியில் தன் பெயர் சொல்லும் அறிமுகம். இங்கேதான் யாழ்ப்பாணத்தவர் தடுமாறுகிறோம். குடாநாட்டில் மலை ஏது? கீரிமலை பெயரில்தான் மலை. இருப்பது கடலோரக் கேணி. ஆறென்றால் வழுக்கையாறு, அதுவும் மாரியில்தான் ஓடும். முதன்முறை நாம் வன் ட்ரீ ஹில்லை எமது மலை என்று சொல்லிவிட்டோம். அது தம் மூதாதையர் மலை, அருகில் வாழ்கிறேன் என்று சொல்லலாம் என மாவோரி ஆசிரியை ஒருவர் பிறகு மெதுவாகச் சொன்னார்.

ஆகவே எமது தமிழ் வகுப்பில் வருடத்தின் முதற்பாடம் இதுவே. பிள்ளைகள் அம்மம்மா, அப்பப்பாவிடம் ஊர்க் குளம், கிணறு, கோயில் பெயர்களைக் கேட்டு எழுதி வரவேண்டும். சென்ற வருடம் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வெறுந்தாளுடன் வந்தது. "அம்மம்மா ஒண்டும் சொல்லேல்லை, அழுதவ" என்றது. அந்தத் தாளையும் மற்றத் தாள்களோடு சுவரில் ஒட்டினோம்.