நான் படிக்காமல் விட்ட இரண்டாவது வரி

2018 மார்ச்சில் எனக்கு எடுத்த பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டின் முதல் வரி, புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தென்படவில்லை என்றது. அது போதுமென்று மடித்துப் பையில் வைத்தேன். அந்த வாரமே பழனிக்குப் போய் முடிகாணிக்கை செலுத்திவிட்டு வந்தேன். அடுத்த வரியை நான் படிக்கவே இல்லை. கர்ப்பப்பை வாயின் உட்பக்கச் செல்கள் மாதிரியில் இல்லை, ரத்தமும் அழற்சிச் செல்களும் பாதிக்கு மேல் மறைத்திருக்கின்றன என்று அதில் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து எனக்குப் புற்றுநோய், 2பி நிலை என்றார்கள். 25 நாள் கரண்ட் என்கிற வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி, பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து நன்றாக இருக்கிறேன். சிகிச்சையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லவேண்டியது அந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான்.

கர்ப்பப்பை வாயில் வெளிப்பக்கச் செல்லும் உட்பக்கச் செல்லும் சந்திக்கிற ஓர் எல்லை உண்டு. இந்த நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உட்பக்கச் செல் மாதிரியில் வரவில்லையென்றால், பிரஷ் அந்த இடத்தைத் தொட்டதா என்பதே சந்தேகம். இன்னொன்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஸ்லைடில் முக்கால் பங்குக்கு மேல் மறைந்திருந்தால்தான் 'மாதிரி போதாது' என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் கீழே என்றால் தெரிந்ததை வைத்து முடிவு எழுதி, மறைந்திருப்பதைத் தனியாகக் குறிப்பார்கள். லேபில் பார்த்தவர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். அதைப் படித்துச் சொல்லவேண்டிய டாக்டர் படிக்கவில்லை.

அவரிடம் எதையும் நான் மறைக்கவில்லை. தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் படுகிறது என்று கூச்சத்தை விட்டுச் சொன்னேன். அன்றைக்கும் கசிவு இருந்தது. முந்தின இரவு உள்ளே வைக்கும் மாத்திரையும் வைத்திருந்தேன். இரண்டு நாளாவது மருந்தும் சேர்க்கையும் இல்லாமல், ரத்தப்போக்கு இல்லாத நாளில் எடுக்கவேண்டிய மாதிரி அது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரிப்போர்ட் வந்ததும், "ஒண்ணுமில்லைம்மா, நார்மல்தான்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பாப் ஸ்மியர் தொந்தரவு எதுவும் இல்லாத பெண்களைச் சலித்துப் பார்ப்பதற்கான பரிசோதனை. தொந்தரவு இருப்பவருக்கு அதில் 'நெகட்டிவ்' வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. முற்றிய கட்டியிலிருந்து வரும் ரத்தமும் செத்த திசுவும் கெட்ட செல்லையே மறைத்துவிடும்.

கசிவு நிற்கவில்லை. என் பெரிய நாத்தனார், "ரிப்போர்ட்லயே ஒண்ணுமில்லைன்னு போட்டாச்சு. நிக்கிற வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் அந்த முதல் வரியையே பிடித்துக்கொண்டிருந்தேன். 2019 மே மாதம் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று எனக்கு ரத்தம் அதிகமானது. விசேஷத்துக்குப் போகாமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் கருவியை வைத்துப் பார்த்த மாத்திரத்தில், "இதுக்கு ஸ்மியரே வேண்டாம், கண்ணுக்கே தெரியுது" என்று சதை எடுத்து அனுப்பினார். விசேஷத்துக்கு வரவில்லை என்று இன்றைக்கும் குறை சொல்கிறார்கள். நான் செய்ததுதான் சரி.

தொந்தரவு இல்லாதவர்கள், இந்த நோய்க்குக் காரணமான ஹெச்பிவி கிருமிக்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பா, வட அமெரிக்க ஆய்வுகளை 2006-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை தேவைப்படும் மாற்றங்களில் பாப் ஸ்மியர் கண்டுபிடித்தது 53 சதவீதம், ஹெச்பிவி பரிசோதனை கண்டுபிடித்தது 96 சதவீதம். 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை அதை எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. அதில் பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் என்று அழவேண்டாம். கிருமி இருக்கிறது, அடுத்த பரிசோதனை வேண்டும் என்பதுதான் பொருள். செலவைப் பார்க்காதீர்கள். காலையில் போனால் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் விட்டுக் கண்ணால் பார்ப்பதைக் குறைவாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் இப்படிப் பார்த்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. பார்க்கவேண்டிய எல்லை உள்ளே ஏறிப்போயிருக்கும். 57 வயதான என் அக்காவை அதனால்தான் வற்புறுத்தி ஹெச்பிவி எடுக்கவைத்தேன். ஸ்கேன் எடுத்தாயிற்று என்று அவள் சொன்ன சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஆரம்ப மாற்றம் ஸ்கேனில் தெரியாது.

உங்கள் பீரோவில் பழைய பாப் ஸ்மியர் ரிப்போர்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்து, மாதிரியின் தரத்தைப் பற்றி எழுதியிருக்கிற வரியைப் படியுங்கள். புரியவில்லை என்றால் டாக்டர் முன்னால் வைத்து விளக்கம் கேளுங்கள். ரத்தம் படுகிறவர்கள் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.