பிள்ளைகளின் ஆடைகள்: தேவை எது, வீண்விரயம் எது?

புகழ் அனைத்தும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

 

பெருநாளுக்கு இரண்டு, சொந்தக்காரர் நிக்காஹ்வுக்கு ஒன்று, தள்ளுபடி என்று சொன்னதால் நான்கு, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டு வந்தது ஆறு. இப்படித்தான் நம் பிள்ளைகளின் பீரோ நிறைகிறது. கதவைத் திறந்தால் துணி சரிந்து விழுகிறது. ஆனாலும் வெளியே கிளம்பும் நேரத்தில், "போட டிரஸ்ஸே இல்லை" என்று பிள்ளை அழுகிறது. அதே மஹல்லாவில், ஒரே யூனிஃபார்மை இரவில் துவைத்து, காலையில் ஈரம் காயாமல் போட்டுக்கொண்டு போகும் பிள்ளையும் இருக்கிறது. இது நம் வீட்டு விஷயம்தான். ஆனால் மறுமையில் கேள்வி கேட்கப்படும் விஷயமும்கூட.

ஆடை அல்லாஹ்வின் நிஃமத்

மானத்தை மறைக்கவும் அலங்காரமாகவும் ஆடையை அருளியதாக அல்லாஹ் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26-வது வசனத்தில் சொல்லிக் காட்டுகிறான். தக்வா என்னும் ஆடையே சிறந்தது என்றும் அங்கேயே நினைவூட்டுகிறான். 31-வது வசனத்தில், தொழுமிடத்திற்கு அழகாக வரும்படி சொன்ன கையோடு, உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீற வேண்டாம் என்று தடுக்கிறான். உண்பது, பருகுவது, தர்மம் செய்வது, உடுத்துவது எல்லாமே இஸ்ராஃபும் பெருமையும் கலக்காமல் இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஹதீஸ் நஸயீ, இப்னு மாஜாவில் வருகிறது.

அதற்காக, வசதி இருந்தும் பிள்ளையைக் கந்தலோடு அனுப்புவது தீன் ஆகாது. தன் அடியானுக்குக் கொடுத்த அருளின் அடையாளம் அவனிடம் தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்பதும் திர்மிதியில் உள்ள ஹதீஸ்தான். வீண்விரயமும் இல்லாமல், கஞ்சத்தனமும் இல்லாமல் நடுவில் நிற்பவர்களையே அல்ஃபுர்கான் 67-வது வசனம் ரஹ்மானின் அடியார்கள் என்று அடையாளம் காட்டுகிறது.

ஒரு சிறுமிக்கு நபியவர்கள் அணிவித்த ஆடை

ஸஹீஹுல் புகாரியில் ஓர் அழகான சம்பவம் வருகிறது. நபி (ஸல்) அவர்களிடம் சில துணிகள் வந்தன. அவற்றில் ஒரு சிறிய கறுப்பு ஆடையும் இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டார்கள். எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். ஹபஷா நாட்டில் பிறந்து வந்த உம்மு காலித் என்ற சிறுமியைக் கொண்டு வரச் சொல்லி, தங்கள் கையாலேயே அணிவித்தார்கள். இது நைந்து பழையதாகும்வரை உடுத்து என்று துஆவும் செய்தார்கள். அதிலிருந்த வேலைப்பாட்டைக் காட்டி, அழகாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஹபஷா மொழியிலேயே சொன்னார்கள்.

அந்த துஆவைக் கவனியுங்கள். அது நீண்ட ஆயுளுக்கான துஆ. ஆடை எதற்காக என்பதும் அதற்குள் இருக்கிறது. ஆடை என்பது உடுத்தித் தேய்வதற்கு. ஒரு முறைகூட உடுத்தாமல், விலைச் சீட்டோடு பீரோவில் இருந்து, பிள்ளைக்குச் சிறிதாகிப் போகும் துணிக்கு அந்த துஆவில் என்ன பங்கு இருக்கிறது?

எத்தனை போதும்?

இத்தனை ஆடைதான் வைத்திருக்க வேண்டும் என்று ஷரீஅத் எண்ணிக்கை சொல்லவில்லை. தேவையை நாம்தான் கணக்கிட வேண்டும். வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால், வீட்டில் போட ஐந்து அல்லது ஆறு செட் போதும். மழைக் காலத்தில் துணி காயாது, அதற்கு இரண்டு கூட வைத்துக்கொள்ளலாம். வெளியே போக மூன்று, பெருநாளுக்கும் நிக்காஹ்வுக்கும் இரண்டு, மக்தபுக்குப் போக ஜிப்பா அல்லது மக்கனா இரண்டு. யூனிஃபார்மைப் பொறுத்தவரை, சத்துணவுத் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 4 செட் தருகிறது. ஒரு வருடம் ஓட்ட அது போதுமான அளவு. உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடச் சற்றுக் கூடலாம், குறையலாம். கணக்கு என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் வளர்கிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் வருடத்தில் குழந்தை சுமார் 25 செ.மீ. வளர்கிறது. பள்ளி வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்கிறது. கைக்குழந்தைக்கு வாங்கிக் குவிப்பதில் பெரும்பாலானவை சில மாதங்களில் உபயோகமற்றுப் போகும்.

விசேஷ ஆடையை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கேவலம் இல்லை. நபியவர்களின் காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு சாதாரணப் பருத்திச் சட்டை இருந்தது. மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்க வேண்டுமானால், அதைத்தான் ஆள் அனுப்பி இரவல் வாங்கிப் போவார்கள் என்று அவர்களே சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரே நாள் போடும் கவுனை அக்காள் தங்கை பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணமாக வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மலைபோலக் குவிந்து கிடந்தன. கிழிந்ததும் அழுக்குமாக வந்ததை யாரும் தொடவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும் மானம் இருக்கிறது. நமக்கே ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற நிலையில் உள்ள மட்டமான பொருளைத் தேடிப்பிடித்து தர்மம் செய்யாதீர்கள் என்று அல்பகரா 267-வது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். விரும்புவதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய முடியாது என்று ஆலு இம்ரான் 92-வது வசனம் சொல்கிறது.

ஆகவே சகோதரர்களே, துணியை எல்லாம் வெளியே எடுத்து, பிள்ளையையும் கூட உட்கார வைத்துப் பிரியுங்கள். இப்போது போடுவது ஒரு பக்கம். அடுத்த பிள்ளைக்கு நிஜமாகவே ஆகக்கூடியது ஒரு பக்கம். மிஞ்சியதில் நல்லதைத் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு, வாங்குபவர் முகம் சுளிக்காதபடி கொடுங்கள். ரமலான் பிறக்கும் முன்பே கொடுத்தால், பெருநாளன்று ஒரு பிள்ளை அதை உடுத்தும். கிழிந்தது கரித்துணிக்குப் போகட்டும், தர்மத்துக்குப் போக வேண்டாம்.

இதில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. பிள்ளைக்கு மற்றவர்கள் அன்பளிப்பாகத் தந்தது பிள்ளையின் சொத்து. பெற்றோர் அதற்குப் பொறுப்பாளர்கள்தான், உரிமையாளர்கள் இல்லை. விலை உயர்ந்தது எதையும் தானம் செய்யும் முன் உங்கள் பள்ளி இமாமிடம் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் நமக்குத் தெரியும். மூத்தவனுக்கு எப்போதும் புதியது, இளையவனுக்கு எப்போதும் அவன் கழித்தது என்று ஆக்கிவிடாதீர்கள். மற்ற நாட்களில் அண்ணன் சட்டை தம்பிக்குப் போகட்டும். பெருநாளன்று இருவருக்கும் புதியதாகவே இருக்கட்டும்.

தன் கையால் ஒரு நல்ல சட்டையை மடித்து, இன்னொரு பிள்ளைக்காகப் பையில் வைக்கும் குழந்தை, ஸதகா என்றால் என்ன என்பதை அன்றே கற்றுக்கொள்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நீ தந்த ஆடைகளில் பரக்கத் செய்வாயாக! வீண்விரயத்தை விட்டும் பெருமையை விட்டும் எங்கள் வீடுகளைக் காப்பாயாக! எங்கள் மஹல்லாவில் உடையின்றி ஒரு பிள்ளையும் கூனிக் குறுகாமல் இருக்க, எங்களைக் காரணமாக ஆக்குவாயாக! ஆமீன்.