ஓமின் விதிப் பிரயோகம்: தொடர்பாடல் கம்பிக்குக் கோடல் தடையி தெரிதல்

மாணவர்களே, தொடர், சமாந்தரத் தடைகளைக் கணிக்க அறிந்த உங்களுக்கு இது புதிய பாடமன்று. புதிய பிரயோகம் மட்டுமே.

தொழிற்சாலைகளில் பல கருவிகளை ஒரே கம்பிச் சோடியில் இணைத்துத் தரவு அனுப்ப, ஆர்.எஸ். 485 எனும் நியமம் பயன்படுகிறது. இரு கம்பிகளுக்கிடையேயான அழுத்த வித்தியாசம் +200 மில்லிவோல்ற்று அல்லது அதற்கு மேல் எனில் வாங்கி அதனை ஒரு நிலையாகவும், -200 மில்லிவோல்ற்று அல்லது அதற்குக் கீழ் எனில் மற்றைய நிலையாகவும் கொள்ளும். இடைப்பட்ட பெறுமானத்துக்கு உறுதியில்லை.

எக்கருவியும் அனுப்பாத ஓய்வு நிலையில் அழுத்த வித்தியாசம் பூச்சியத்தை அண்மிக்கும். அப்போது வாங்கி, அனுப்பப்படாத தரவையும் தரவெனக் கொள்ளலாம். இதனைத் தவிர்க்க நேர்க் கம்பியை ஒரு தடையியினூடாக வழங்கலின் நேர் முனைக்கும், மறைக் கம்பியைச் சமமான இன்னொரு தடையியினூடாகப் புவிக்கும் இணைப்பர். இவையே கோடல் தடையிகள்.

உதாரணம்: வழங்கல் 5 வோல்ற்று. கம்பிச் சோடியின் இரு அந்தங்களிலும் 120 ஓம் முடிவுத் தடையிகள் உள்ளன. கோடல் தடையியின் பெறுமானம் யாது? (வாங்கிகளின் தடையைப் புறக்கணிக்க.)

படி 1: 120 ஓம் இரண்டு சமாந்தரமாக = 60 ஓம்.
படி 2: தேவையான ஓட்டம் = 0.2 ÷ 60 = 0.00333 அம்பியர் (அண்ணளவாக).
படி 3: சுற்றின் மொத்தத் தடை = 5 ÷ 0.00333 = 1500 ஓம்.
படி 4: கோடல் தடையிகள் இரண்டும் = 1500 - 60 = 1440 ஓம்; ஒன்று 720 ஓம்.

கடையில் 720 ஓம் கிடைப்பதரிது. 680, 820 ஓம் கிடைக்கும். 820 ஓம் இட்டால் 176 மில்லிவோல்ற்று மட்டுமே வரும், போதாது. 680 ஓம் இட்டால் 211 மில்லிவோல்ற்று வரும். எனவே விடை 680 ஓம்.

அவ்வாறாயின் 100 ஓம் இன்னும் நல்லதா? அன்று. செலுத்திக்குத் தென்படும் சுமை 60 ஓமும் 200 ஓமும் சமாந்தரமாக, அதாவது 46 ஓம் ஆகிவிடும். நியமத்தில் செலுத்தி பரிசோதிக்கப்படும் சுமை 54 ஓம்; அதற்குக் குறைந்தால் தரவுச் சைகை நலிவடையலாம்.

நினைவிற்கொள்க: கணித்த விடைக்கு மிகக் கிட்டிய பெறுமானம் எப்போதும் சரியானதன்று. இங்கு 200 மில்லிவோல்ற்று இழிவெல்லை. ஆகவே கணித்ததிலும் சற்றுக் குறைந்த தடையியையே தெரிக.

பயிற்சி: வழங்கல் 3.3 வோல்ற்று எனின், 390, 470 ஓம் ஆகியவற்றுள் எது பொருத்தம்?
விடை: கணித்த பெறுமானம் 465 ஓம். 470 ஓம் 198 மில்லிவோல்ற்றே தரும். எனவே 390 ஓம்.