நிழலும் எதிரொளியும்



ஆங்கிலத்தில் ‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்றொரு சொல் உண்டு. கண்ணாடியில் ஒளி பட்டு மீள்வது ரிஃப்ளெக்‌ஷன். குன்றில் ஒலி பட்டு மீள்வதும் அதுவே. குளத்து நீரில் தோன்றும் உருவும் அதுவே. ஒருவன் தனித்திருந்து ஆழ எண்ணுவதும் அதுவே. பின்னோக்கி வளைத்தல் என்பது இலத்தீன் மொழியில் அதன் வேர்ப்பொருள். இச்சொல்லுக்குத் தமிழில் ஈடு என்ன? என்னிடம் இவ்வினாவை எழுப்பியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், இரண்டு சிறுவர்கள்.

பிழைப்பின் பொருட்டுத் திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தனுவச்சபுரத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பக்கத்தில் பாறசாலை, அதைக் கடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஏற்பட்ட எல்லை அது. மாலையில் எங்கள் திண்ணைக்குப் பாடம் கேட்க வரும் சிறுவருள் ஒருவன் மலையாளத்தில் பயில்பவன். மற்றவன் எல்லைக்கு அப்பால் தமிழில் பயில்பவன். ஒருநாள் ஒரே பாடத்தை ஒருவன் ‘பிரதிபதனம்’ என்று வாசித்தான். மற்றவன் ‘எதிரொளிப்பு’ என்றான்.

தமிழ்ப் பையன் சிரித்துவிட்டான். “அண்ணா, கண்ணாடி எதைப் பதனமாக வைத்திருக்கிறது?” என்று கேட்டான். நம் வீடுகளில் பதனம் என்றால் பத்திரம், வடமொழியிலோ விழுதல். “கண்ணாடியில் எதுவும் தங்காது தம்பி, விழுந்தது திரும்பிவிடும்” என்றேன். “எந்தக் கணக்கில் திரும்பும்?” என்றான் அவன். விதி ஆங்கிலத்தில் நாவின் நுனியில் நின்றது. தமிழில் வாய் அடைத்துப்போயிற்று. முதுநிலை விஞ்ஞான மாணவன் ஒரு சிறுவன் முன் நாணி நின்றேன். அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் ஒளியைக் காண்போம். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பது விதி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை எதிரொளிப்பு என்கின்றன. ஈழத்துப் பாடநூல்களோ தெறிப்பு என்கின்றன. மீள்கோணம் அங்கே தெறிகோணம். சுவரை நோக்கிச் சாய்வாக உருட்டிய பந்து அதே அளவு சாய்வில் மறுபுறம் தெறித்துப் போவதைக் காட்டினேன். சிறுவர் இருவருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சுடுபொருள் பட்டதும் கை தானே பின்வாங்குவதையும் ஈழத்தார் தெறிவினை என்பர். ஆங்கிலச் சொற்களிடையே உள்ள உறவு அங்கே காக்கப்பட்டிருக்கிறது. அனிச்சைச் செயல் என்னும் நம் வழக்கில் அவ்வுறவு தெரிவதில்லை.

இரண்டாவது ஒலி. எதிரொளி, எதிரொலி என ஓர் எழுத்தே வேறுபாடு. பொருளோ கண்ணுக்கும் செவிக்கும் உள்ள தொலைவு. மூல ஒலியினின்று எதிரொலி பிரிந்து கேட்க, ஏறத்தாழ 17 மீட்டருக்கு அப்பால் தடை இருத்தல் வேண்டும். அதனினும் அருகே இருந்தால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும்.

மூன்றாவது உரு. பிரதிபிம்பம் என்னும் வடசொல் வருமுன் தமிழர் இதனை நிழல் என்றே வழங்கினர். மரத்தடியின் குளிர்ச்சியும் நிழல். ஆடியில் தோன்றும் உருவும் நிழல். மணியின் ஒளியும் நிழல். இருளையும் ஒளியையும் ஒரு சொல்லே சுமந்தது வியப்பன்றோ! அடுத்த பொருளைத் தன்னுள் காட்டும் பளிங்கைப்போல் முகம் நெஞ்சத்தைக் காட்டும் என்று வள்ளுவர் 706-ஆம் குறளில் உவமை சொன்னதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

நான்காவது உள்ளம். இங்கே எதிரொளி என்னும் சொல் உதவாது. கண்ணாடி வாங்கியதையே திருப்பித் தரும். எண்ணமோ வாங்கியதை மாற்றித் தரும். இதற்குத் தமிழில் சிந்தனை உண்டு. அதனினும் எளிய வழக்கொன்றும் உண்டு: “எண்ணிப் பார்”, “நினைத்துப் பார்”. எண்ணத்தையும் ‘பார்’ என்றே சொன்ன மொழி, உள்ளத்தினுள் ஓர் ஆடி இருப்பதை உணர்ந்திருந்தது போலும்.

நம்மைச் சூழ்ந்த நிலமும் இதனை நன்கறியும். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் (1809–1851) வழிவந்தோர் கண்ணாடியின் முன் நின்று வணங்குகின்றனர். அவர்தம் வழிபாட்டிடங்களுக்கு நிழல்தாங்கல் என்றே பெயர். நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில் 1888-இல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, 1927-இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். கோயிலுக்குள் நுழையக் கூடாதென்று விலக்கப்பட்ட மக்கள், கருவறையில் தம் முகத்தையே கண்டனர். அங்கே நிழல் நிமிர்வாயிற்று.

முடிவாக ஒரு சோதனை. வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வையுங்கள். விரலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். பூச்சு பின்முகத்தில் இருப்பதால் ஒளி கண்ணாடியின் தடிப்பை இருமுறை கடக்கிறது. ஆறன்முளைக் கண்ணாடியிலோ அவ்விடைவெளி இல்லை. செம்பு ஏறத்தாழ இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் உருக்கி வார்த்த உலோகம் அது; மெருகேற்றிய முன்முகமே ஒளியை மீட்கிறது. விரலும் நிழலும் தொட்டு நிற்கும்.

அயல்மொழியில் மட்டும் கற்ற அறிவு வீட்டுக் கண்ணாடி போன்றது. உரு தெளிவாகவே தெரிகிறது. ஆயினும் பொருளுக்கும் நமக்கும் இடையே ஒரு தடிப்பு நிற்கிறது. அன்று திண்ணையில் என்னை நாணவைத்தது அந்தத் தடிப்பே. ஆங்கிலத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடன் வாழும் மலையாளத்தைப் பழிக்கவும் இல்லை. வகுப்பில் கேட்ட ஒரு பாடத்தை, அன்று மாலையே வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அது சிந்தனை. முடியாவிட்டால், நண்பர்களே, இதுவரை நாம் கொடுத்தது எதிரொலி மட்டுமே.