பழைய கணினிக்குப் புது வேகம்: கடைக்குச் செல்லும் முன் அறிய வேண்டியவை

மைசூரு மாவட்டத்திலிருந்து 1997ஆம் ஆண்டில் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டித் தமிழர் பெருமளவில் வாழும் ஊர் மார்டள்ளி. கணினி உதிரிபாகங்களைப் பல கடைகளில் பார்த்து வாங்க விரும்பினால், இவ்வூரார் கொள்ளேகாலுக்கோ மைசூருக்கோ செல்ல வேண்டும். தவறான பாகத்தை வாங்கி வந்தால் ஒரு நாள் உழைப்பும் பயணச் செலவும் வீணாகும். ஆகவே, கணினியின் குறை எங்குள்ளது என்பதை வீட்டிலேயே கண்டறியும் வழியை முதலில் காண்போம்.

விண்டோஸ் 10 கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பார்க்கவேண்டும். வழக்கமான பணிகளின்போது மெமரி எப்போதும் நிரம்பியே இருந்தால், தேவைப்படுவது கூடுதல் ராம். மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் மட்டும் அடிக்கடி 100 விழுக்காட்டைத் தொட்டால், மாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க்.

பழைய ஹார்டு டிஸ்கில் சுழலும் தட்டும், தகவலைத் தேடி நகரும் கையும் உள்ளன. ஒவ்வொரு தேடலுக்கும் அந்தக் கை இடம்பெயர வேண்டியிருப்பதே தாமதத்திற்குக் காரணம். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் ஏதுமில்லை. பல மடிக்கணினிகளில் உள்ள 2.5 அங்குல ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி.யைப் பொருத்த இயலும். செயலியை மாற்றாமலேயே கணினி விரைவில் இயங்கத் தொடங்குவதை நாம் உணரலாம்.

ராம் வாங்குவோர் வகையைச் சரிபார்க்க வேண்டும். டி.டி.ஆர்.3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. மொத்த இடங்களுள் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதை மெமரி பக்கமே காட்டும். 32 பிட் விண்டோஸ் 10 அதிகபட்சம் 4 ஜி.பி. நினைவகத்தையே பயன்படுத்தும் என்பதால், அதில் மேலும் ராம் சேர்ப்பது பயனற்றது. கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துச் செல்வது நலம்.

வேகம் மட்டும் போதாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெறாத கணினி எவ்வளவு விரைவாக இயங்கினாலும், இணையவழி வங்கிச் சேவைக்கு உகந்ததன்று. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 உள்ளிட்ட தகுதிகள் தேவை. அவை இல்லாத கணினியில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தின் அண்மைப் பதிப்பை நிறுவலாம். இவ்விரண்டும் இயலாதெனில், பாகங்களுக்குச் செலவிடும் முன் மறுமுறை சிந்திப்பதே சிக்கனம்.

பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கிவிட வேண்டும். கழற்றிய ஹார்டு டிஸ்கைக் கடையிலேயே விட்டுவராமல் கேட்டுப் பெற வேண்டும். கணக்கு அறிக்கைகளும் அடையாள ஆவணங்களின் நகல்களும் அதில்தான் உள்ளன. அதனை வெளிப்புற உறையில் பொருத்தினால் காப்பு நகலுக்கும் உதவும்.

கணினியை வேகப்படுத்தித் தருவதாகத் தொலைபேசியில் அழைத்து, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வோரை நம்ப வேண்டாம். ஓ.டி.பி.யையும் கடவுச்சொல்லையும் எவரிடமும் கூறாதிருப்போம்.